ஒரு நாளைக்கு இரண்டு அடி

நவம்பர் 9, ஞாயிறு

அமலோற்பவம் வெள்ளிக்கிழமை புறப்பட்டுப் போனாள். கோவையில் விமானம் ஏற்றிவிட்டு, மறுநாள் மதியம் கொடைக்கானல் மேல்மலைக்குத் திரும்பினேன். அமெரிக்காவில் எங்கள் மகள் ரெஜினாவுக்குப் பிரசவம். திரும்பி வர டிக்கெட் பிப்ரவரி பன்னிரண்டு.

பொழுது போக டைரி எழுதச் சொன்னாள். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக டிரிப் ஷீட் எழுதியவனுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அவள் வளர்க்கும் மூன்று தேனீப் பெட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. குழாயடியில் ஒன்று, பேரிமரத்தடியில் ஒன்று, கோழிக்கூண்டுப் பக்கம் ஒன்று. இந்த வருடம் மழை அதிகம், பூ குறைவு. மூன்றிலும் கூட்டம் நோஞ்சானாகத்தான் இருக்கிறது. பிப்ரவரியில் பிளம்ஸ் பூக்கும்வரை உயிரோடு வைத்திருந்தால் போதுமாம். பதினோரு பாயிண்ட் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நாலாவது பாயிண்ட்: குளிரில் பெட்டியைத் திறக்கக் கூடாது. அடியில் இரண்டு கோடு. எதற்கு இரண்டு கோடு என்று தெரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.

நவம்பர் 12

பெட்டிகளைத் திறந்தேன்.

நாலாவது பாயிண்ட் ஞாபகம் இருக்கிறது. ஆனால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படிப் பொறுப்பேற்பது? ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆள் எண்ணாமல் நான் விசில் கொடுத்ததே கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, சட்டத்துக்கு ஒரு தேனடை. ஈக்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் எத்தனை சட்டத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணினேன். குழாயடி நாலு. பேரிமரம் மூன்று. கோழிக்கூண்டு மூன்று.

நவம்பர் 13

திறந்தேன். நாலு, மூன்று, மூன்று.

நவம்பர் 14

திறந்தேன். அதே கணக்கு. இடது கையில் இரண்டு கொட்டு.

நவம்பர் 17

தினமும் பார்க்கிறேன். குழாயடி மூன்றாகிவிட்டது. வாசலில் வெள்ளைப் புழுக்களை இழுத்துக்கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சுத்தக்காரர்கள் என்று அவள் சொன்னது சரிதான்.

நவம்பர் 19

குழாயடிப் பெட்டி காலி. செத்தும் கிடக்கவில்லை. ராணி முதற்கொண்டு மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது. அடையில் ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை. வழிச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை ஏழரை.

"பெட்டியெல்லாம் எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

பெட்டி நல்லாத்தான் இருக்கிறது. தேக்கு.

நவம்பர் 20

பக்கத்துத் தோட்டத்துத் தனிஸ்லாஸ், அவரும் தேனீ வளர்ப்பவர்தான், தன் ஆட்டிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஏ சுந்தரி, இந்தக் குளுருல ஒருத்தன் தெனமும் வந்து கூரையப் பிரிச்சுப் பாத்தான்னா நீ அங்க குடியிருப்பியா? புழு வெறைச்சுப் போகும்ல?"

எனக்கும் தனிஸ்லாசுக்கும் பேச்சு இல்லை. பதினான்கு வருடமாகிறது. எங்கள் பக்கம் பேச்சு நின்றுபோனவர்கள் ஆடு மாட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சாடைப் பேச்சு என்று பெயர். எங்களிடம் ஆடு இல்லாததால் நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "அவரவர் பூண்டுத் தோட்டத்த அவரவர் பாத்தா போதும்."

ஆனால் இனித் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இது என் சொந்த முடிவு.

நவம்பர் 30

பையன். மூன்று கிலோ நூறு. தாயும் பிள்ளையும் நலம். அமலோற்பவம் போனில் அழுதாள். எனக்கு ஜலதோஷம், மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

டிசம்பர் 6

இன்று முதல் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. பேரிமரத்தடிக்குப் பத்து மணிவரை வெயில் வராது. அந்தப் பெட்டியை மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தூக்கிச் சமையலறைச் சுவரோரம் வைத்தேன். நாற்பது அடி தூரம். காலை ஏழுக்கே வெயில் விழுகிற இடம். அவளுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 7

பகலில் வெளியே பறந்து போயிருந்த ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருக்கின்றன. பெட்டி இல்லை. பெட்டி வைத்திருந்த வெறும் கல்லின்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ராத்திரிப் பனியில் எல்லாம் செத்துவிட்டன. இரண்டு கையாலும் அள்ளினேன். கனமே இல்லை.

தனிஸ்லாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சுந்தரி, பெட்டிய எடம் மாத்துனா ஒரு நாளைக்கு ரெண்டடி. இல்லாட்டி ரெண்டு மைலுக்கு அங்கிட்டு. நடுவுல எதுவும் கெடையாது. ஈக்கு வீடு தெரியாது, வீடு இருந்த எடந்தான் தெரியும்."

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்" என்று தொட்டியிடம் சொன்னேன்.

"நேத்து நான் சந்தைக்குப் போயிட்டேன் சுந்தரி" என்றார்.

டிசம்பர் 14

பேரிமரப் பெட்டியும் போய்விட்டது. மிச்சமிருந்தவர்களால் சூடு காக்க முடியவில்லை. ராணியைச் சுற்றி ஒரு முப்பது பேர், தலையை அடைக்குள் விட்டபடி. இந்த வாரம் டைரி எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 18

போன். ரெஜினா வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையாம்.

"மே வரைக்கும் இருந்துட்டுப் போம்மாங்கறா. மாப்பிள்ளையும் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்" என்றேன்.

பிறகு அவளே சொன்னாள்: "எப்படிங்க இருக்க முடியும்? பூ நேரத்துல பெட்டிய யாரு பாக்கறது? மூணு பெட்டியையும் விட்டுட்டு நான் இங்க உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? மூணும் நல்லாத்தானே இருக்கு?"

"மூணும் நல்லா இருக்கு."

ஆக, அவள் வருவது தேனீக்காக. தேனீ ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. அந்த ஒரு பெட்டி பிப்ரவரி பன்னிரண்டுவரை இருந்தாக வேண்டும்.

டிசம்பர் 19

கோழிக்கூண்டுப் பெட்டிக்கு மூன்று சாக்கு சுற்றினேன். வாசலை ஓர் ஈ போக வர மட்டும் விட்டு மரத்துண்டால் அடைத்தேன். கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். சாயங்காலம் சீனிப்பாகு வைத்தேன், ஒரு டம்ளர் சீனிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்.

ஆட்டுக்குச் செய்தி வந்தது. "பச்சத் தண்ணியக் குடிச்சுட்டுக் குளுருல வயிறு கெட்டுச் சாகும் சுந்தரி. ரெண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணி."

கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினேன். ஏழாவது பாயிண்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் தலைகீழாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

டிசம்பர் 25

காலைப் பூசை. கோயிலில் தனிஸ்லாஸ் எனக்கு அடுத்த இடத்தில் நின்றார், வேறு இடம் இல்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் நான் இடப்பக்கம் திரும்பிக் கும்பிட்டேன், அவர் வலப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வேலிச்சுவர்மேல் ஒரு தட்டு. நாலு அதிரசம், கொஞ்சம் முறுக்கு. ஆட்டைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவருக்கும் வீட்டில் ஆள் கிடையாது, மனைவி போய் ஆறு வருடம். அதிரசத்தை அவரே சுட்டிருப்பார் போல, ஓரம் கருகியிருந்தது. நாலையும் தின்றேன். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால் ஒரு கிலோ சீனி வைத்துத் திருப்பினேன்.

டிசம்பர் 29

கோழிக்கூண்டுப் பெட்டி இரண்டு சட்டமாகியிருக்கும். திறக்கவில்லை. பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்கிறேன். முன்பு கேட்ட சத்தத்தில் பாதிதான் கேட்கிறது.

தனிஸ்லாஸ் ஆட்டுக்குத் தழை போட்டபடி நீளமாகப் பேசினார். அவருடைய பெட்டிகளில் ஒன்றும் இதேபோல நோஞ்சானாம். இரண்டு நோஞ்சான்களைத் தனித்தனியாக விட்டால் ஜனவரிப் பனியில் இரண்டும் சாகும், ஒன்றாகச் சேர்த்தால் பிழைக்கும். சேர்ப்பதற்கு முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

"எம்பெட்டி வெயில்ல இருக்கு சுந்தரி, அத அசைக்க முடியாது."

அப்படியென்றால் நான்தான் போக வேண்டும். ஏன் எப்போதும் நான் என்று தொட்டியைக் கேட்டேன். எப்போதும் என்றது கொஞ்சம் அதிகம்தான். இதற்கு முன் நான் போனதே இல்லை.

டிசம்பர் 30

டேப் வைத்து அளந்தேன். என் பெட்டிக்கும் அவர் பெட்டிக்கும் இருபத்தாறு அடி. நடுவில் கல் அடுக்கிய வேலிச்சுவர். பதின்மூன்று நாள் ஆகும்.

டிசம்பர் 31

இரண்டு அடி.

ஜனவரி 1

இரண்டு அடி. புது வருடம்.

ஜனவரி 2

இரண்டு அடி. போன். பேரன் சிரிக்கிறானாம். வீடியோவில் பார்த்தேன், கொட்டாவி மாதிரி இருந்தது. அவள் இளைத்திருக்கிறாள். சொல்லவில்லை.

ஜனவரி 4

இரண்டு அடி. பெட்டியைத் தூக்கும்போதுதான் பழைய விஷயம் ஞாபகம் வருகிறது, எழுதிவைக்கிறேன். பதினான்கு வருடத்துக்கு முன் தனிஸ்லாஸ் கீழ்நாட்டிலிருந்து ஒரு தேனீப் பெட்டியை வாங்கிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினார். சாக்கு போட்டு மூடியிருந்தார், உள்ளே என்ன என்று சொல்லவில்லை. வழியில் ஒரு பெண்ணுக்குக் கொட்டிவிட்டது. நான் விசில் அடித்து அவரையும் பெட்டியையும் வளைவில் இறக்கிவிட்டேன். மழை. பதினோரு கிலோமீட்டர் தலையில் வைத்து நடந்து வந்தார். விதிப்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையே செய்வேன்.

அந்தப் பெட்டியிலிருந்து பிரித்த கூட்டத்தைத்தான் அவர் பிற்பாடு அமலோற்பவத்துக்குக் கொடுத்தார். வேலிச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் அண்ணன் என்று பேசிக்கொண்டிருப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஜனவரி 7

இரண்டு அடி. வேலிச்சுவர் வந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் கல்லை இறக்கினேன். அவர் அந்தப் பக்கம் இறக்கினார். ஒரு பெரிய கல்லை இரண்டு பேரும் பிடிக்க வேண்டியிருந்தது. "தூக்கு" என்றார். ஆட்டிடமா என்னிடமா என்று தெரியவில்லை. தூக்கினேன்.

ஜனவரி 9

இரண்டு அடி. போன். டிக்கெட்டை மாற்றுவதென்றால் இருபதாம் தேதிக்குள் மாற்ற வேண்டுமாம்.

"என்னங்க செய்யட்டும்?"

"உன் இஷ்டம்."

முப்பத்துநான்கு வருடத்தில் அவள் எதைக் கேட்டாலும் நான் குறுக்கே நின்றதில்லை. எத்தனை வீட்டில் இப்படி?

ஜனவரி 12

இரண்டு அடி. மொத்தம் இருபத்தாறு. இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஜனவரி 13

மதியம் வெயில் நன்றாக இருந்தது. தனிஸ்லாஸ் வந்து நின்றார். ஆடு தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தே சொன்னார்.

"கண்டக்டரே, ராணி ஒண்ணுதான் இருக்க முடியும். ரெண்டு இருந்தா அடிச்சுக்கும்."

"எது?"

"எம்பெட்டி ராணி போன வருசத்துது. உங்க வீட்டம்மா ராணிக்கு மூணு வயசு. முட்டை போடறது நின்னு போச்சு."

அவள் ராணியை எனக்குத் தெரியும். முதுகில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும், ரெஜினா விட்டுப்போன நெயில் பாலிஷ். கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சுலபம் என்று அவள்தான் வைத்தாள். போன வருடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தேன் என்று சொன்னேன், சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். மெதுவாக நடந்தாள். மற்ற ஈக்கள் வழிவிட்டன.

"நான் செய்யட்டா?" என்றார் தனிஸ்லாஸ்.

"வேண்டாம். எம்பொறுப்பு."

கட்டைவிரலால் அழுத்தினேன். சுலபமாக முடிந்துவிட்டது. விரலைப் புல்லில் துடைத்தேன். தனிஸ்லாஸ் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் பெட்டியின் மூடியை எடுத்து, ஒரு தாள் பேப்பரை விரித்து, ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, பாகு தெளித்தார். அதன்மேல் என் பெட்டியை அடித்தட்டு இல்லாமல் தூக்கி வைத்தோம். உடனே சேர்த்தால் வாசனை ஒத்துக்கொள்ளாமல் கொன்றுபோடுமாம். பேப்பரைக் கடித்து ஓட்டையைப் பெரிதாக்குவதற்குள் இரண்டு பக்கத்துக்கும் வாசனை பழகிவிடுமாம்.

"எத்தனை நாள்?"

"ரெண்டு மூணு நாள். நமக்குத்தான் பதினாலு வருசம் ஆச்சு" என்றார். சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் பேப்பர் தூள். நிறைய. இரண்டு பக்கமும் கடித்திருக்கிறார்கள். செத்த ஈ மொத்தம் ஆறுதான்.

எண்ணியது நான் மட்டும் இல்லை, தனிஸ்லாசும் எண்ணினார். அவருக்கும் ஆறு. பிறகு அவர் வீட்டில் டீ. சீனி அதிகம், என் சீனிதான்.

ஜனவரி 16

போனில் அவளிடம் தனிஸ்லாசோடு பேசுகிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. தனிஸ்லாசைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன். "ஆமாம்மா, கண்டக்டரு பேசறாரு" என்றார். அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கத்தினாள். பெட்டியைப் பற்றித் தனிஸ்லாஸ் எதுவும் சொல்லவில்லை. அதை நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து மதியம் தனிஸ்லாஸ் பெட்டியைத் திறந்தார். நான் கேட்கவே இல்லை. நான்கு சட்டத்திலும் நெருக்கமாக ஈ. நடு அடையில் அறைக்கு ஒன்றாக முட்டை. வெள்ளை நூல் துணுக்கு அளவுதான் இருக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொழைச்சுக்கிருச்சு" என்றார்.

பிறகு சொன்னார்: "பூ வந்ததும் இதையும் என்னோட பெரிய கூட்டத்தையும் பிரிச்சு உங்க மூணு பெட்டியிலயும் போட்டுத் தர்றேன். அவங்க வர்றப்ப மூணும் இருக்கும். ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

நல்ல யோசனை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 19

ஏழு மணிக்கு அவள் கூப்பிட்டாள். குரலிலேயே ஒரு நிம்மதி இருந்தது.

"நான் யோசிச்சுப் பாத்தேங்க. பெட்டிய நினைச்சுத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. இப்பதான் நீங்களே நல்லாப் பாத்துக்கிறீங்களே. தனிஸ்லாஸ் அண்ணனும் கூட இருக்காரு. மூணும் நல்லா இருக்குங்கறீங்க. அப்ப நான் மே வரைக்கும் இருந்துட்டு வரட்டுமா? நாளைக்கு டிக்கெட் மாத்தணும்."

இரண்டு மாதமாக நான் சொன்ன பொய்யெல்லாம் அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. எனக்கு இது உறைக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று.

"உன்" என்று வாய் தானாக ஆரம்பித்தது. இஷ்டம் வரவில்லை.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அமலா, குழாயடிப் பெட்டி நவம்பர்லயே போயிருச்சு. நான் தெனமும் தெறந்து எண்ணுனேன், ஓடிப்போச்சு. பேரிமரப் பெட்டிய வெயிலுக்குன்னு நாற்பதடி தூக்கி வச்சேன், எல்லாம் செத்துப்போச்சு. மூணாவது தனிஸ்லாஸ் பெட்டியோட சேத்தாச்சு. செவப்புப் பொட்டு வச்ச ராணிய நான்தான் கொன்னேன். கட்டைவெரலால."

அவளுக்குப் பின்னால் பேரன் அழுதான். ரெஜினா அவனைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"உனக்குன்னு இங்க ஒரு பெட்டிகூட இல்ல" என்றேன். "பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ வரணும்."

"அப்பறம் எதுக்கு வரணும்?"

"எனக்கு."

"என்ன உங்களுக்கு?"

"நீ இல்லாம இருக்க முடியலடீ."

எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. சொன்னது சொன்னதுதான்.

லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனைப் பார்த்தேன், போகவில்லை. பிறகு ஆரம்பித்தாள்.

"கோடு போட்டு எழுதி வச்சேனே, ரெண்டு கோடு! கண்ணு தெரியலயா உங்களுக்கு? தெனமும் தெறந்து பாக்கறதுக்கு அதென்ன உங்க பஸ்ஸா? நாற்பதடி தூக்கி வச்சாராம், வெயிலுக்காம்! அந்தப் பச்ச உசுருங்க என்ன பாவம் பண்ணுச்சு? இத்தனையும் பண்ணிட்டு ரெண்டு மாசமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எங்கிட்டயே! இருங்க, பன்னெண்டாந்தேதி வர்றேன். வந்து வச்சுக்கிறேன் உங்கள."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.